காதால் படிப்பவர்களுக்கும் ஒரு பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் படிக்க ஏற்ற மர்மக் கதைகளையும், அன்றாடக் கவலையை மறக்கச் செய்யும் சாகசக் கதைகளையும் பரிந்துரைக்குமாறு தாங்கள் வாசகர்களைக் கேட்டதும், அதற்கு வந்த கடிதங்களை வாரந்தோறும் வெளியிட்டு வருவதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தன. அவற்றிலிருந்து சில பெயர்களைக் குறித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் இதுவரை வந்த கடிதங்கள் எல்லாமே அச்சுப் புத்தகங்களைப் பற்றியவை. ஒலிநூல் ஒன்றுகூட இடம்பெறவில்லை. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வாழும் தமிழ் வாசகி என்ற முறையில், இந்தக் குறை எங்கள் பகுதிக்கு எவ்வளவு பெரியது என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் சித்தூர் வட்டத்தில் (ஆந்திரத்துச் சித்தூர் வேறு) கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊராட்சிகளில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நாங்கள் கேரளத்தில் இருந்தோம். பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போய்வரும் வாழ்க்கை மட்டும் அப்படியே தொடர்ந்தது. தமிழ்வழிப் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. அத்தகைய பள்ளி ஒன்றில்தான் நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஆயினும் பிள்ளைகளின் மேற்படிப்பையும் வேலையையும் எண்ணிப் பெற்றோர் பலர் அவர்களை மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ சேர்த்துவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகளும் அதைத்தான் செய்தாள். அதன் விளைவாக, பாட்டி சொல்லும் பழமொழி வரை புரிந்துகொள்ளும், ஆனால் தமிழில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தாற்போல் படிக்க முடியாத ஒரு தலைமுறை இங்கே வளர்ந்து நிற்கிறது. தங்கள் வாசகர்கள் பரிந்துரைக்கும் எந்தப் புத்தகமும் இந்தப் பிள்ளைகளுக்குப் பயன்படாது. அதே கதையை ஒருவர் படித்துக் கேட்டால் ஒரு சொல்கூட அவர்களுக்கு அந்நியமாக இராது.

இதை நான் வீட்டிலேயே கண்டேன். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு சில மாதங்கள் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், என் மகள் கைப்பேசியில் 'பொன்னியின் செல்வன்' ஒலிநூலைப் போட்டுக் கொடுத்தாள். பாம்பே கண்ணன் பல குரல் கலைஞர்களைக் கொண்டு உருவாக்கியது அது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி முதல் நாள் ஏதோ வேலையாக அறைக்குள் வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவன், அன்றிரவு கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியாலோசனையை ஒளிந்திருந்து கேட்கும் கட்டம் அது. இருட்டில் ஒருவன் ஒட்டுக்கேட்பதை நாமும் இருட்டில் உட்கார்ந்து கேட்கும்போது எழும் படபடப்பு, அதே கட்டத்தை நான் மூன்று முறை அச்சில் படித்தபோதும் எனக்கு வந்ததில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு மாலையும் என் பேத்தி விளக்கணைத்துவிட்டு வந்து உட்காரத் தொடங்கினாள்.

வரலாற்று நாவல் என்றே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். என் பேத்திக்கு அது முழுக்க முழுக்க ஒரு மர்மக் கதையாக இருந்தது. சோழ இளவரசர் ஆதித்த கரிகாலரைக் கொன்றது யார் என்ற கேள்வியைக் கல்கி முடிச்சவிழ்க்காமல் விட்டுவிட்டார் என்று அவளுக்குக் கோபமே வந்தது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராஜராஜ சோழரின் காலத்துக் கல்வெட்டு ஒன்று அந்தக் கொலைக்குக் காரணமான துரோகிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்று நான் சொன்னதும் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். அந்தப் பெயர்களை இங்கே எழுதாமல் விடுகிறேன்; இனிமேல் கேட்கப் போகிறவர்களுக்கு அந்தச் சுவை கெடக் கூடாது. கல்வெட்டைப் பற்றிய சிறு நூல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனாலும் படிக்கிறாள்.

கேட்பது படிப்பாகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கர்க்கடக மாதம் (நம் ஆடி) முழுவதும் அண்டை வீட்டு மலையாளிகள் மாலையில் விளக்கேற்றி மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை உரக்கப் படிக்க, வீடே உட்கார்ந்து கேட்கிறது. பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் (பாவைக்கூத்து மேடைகளில்) தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் கம்பனின் தமிழ்ப் பாடல்களை இரவிரவாகச் சொல்லி விளக்கம் கூறுகிறார்கள். கேட்க ஆள் இல்லாத இரவிலும் பகவதி கேட்கிறாள் என்ற நம்பிக்கையில் கூத்து நடக்கிறது. அவர்கள் எல்லாம் இராமாயணம் அறியாதவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

மர்ம நாவலைப் பரிந்துரைக்கும் வாசகர்கள் சிலர் 'இது இலக்கியம் அல்ல, இருந்தாலும்' என்று தொடங்குவதையும் கண்டேன். அந்தத் தயக்கம் வேண்டாம் என்று அவர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். என் தாயார் கோவையில் மருத்துவமனையில் கிடந்த 40 நாட்களும் இரவில் துணைக்கு இருந்தவள் நான். பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கிய பாக்கெட் நாவல்கள்தாம் அந்த இரவுகளை எனக்குக் கடத்திக் கொடுத்தன. கொலை யார் செய்தது என்ற கேள்வி ஒன்றைக் கையில் கொடுத்து, வேறெந்தக் கேள்வியும் மனத்தில் எழாதபடி ஒரு மணி நேரம் காப்பாற்றும் கதையை நான் சிறிதாக மதிப்பதில்லை.

இனி என் பரிந்துரைகள். எல்லா மர்மக் கதையும் காதுக்கு ஒத்துவராது என்பதைக் கேட்கத் தொடங்கிய பிறகே அறிந்தேன். அச்சில் ஒரு துப்பைத் தவறவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். கேட்கும்போது அது கடினம். ஆகவே ஒரே ஆள் நம்மிடம் நேரே சொல்வதுபோல் அமைந்த கதைகள் காதுக்கு மிகவும் ஏற்றவை. ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 56 ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகளில் பெரும்பாலானவற்றை நண்பர் வாட்சனே நமக்குச் சொல்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பிலும் அந்த நெருக்கம் குலைவதில்லை. அதற்கு நேர்மாறாக, அகதா கிறிஸ்டி 1939-இல் வெளியிட்ட, ஒரு தீவில் பத்துப் பேர் சிக்கிக்கொள்ளும் நாவலைக் கேட்பதாக இருந்தால் பத்துப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படிச் செய்யாமல் இரண்டு முறை முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

தேவனின் 'துப்பறியும் சாம்பு' சிறுவர்களோடு சேர்ந்து அனுபவிக்க ஏற்றது. ஒவ்வொரு கதையும் ஒரு மாலைப் பொழுதுக்கு அளவானது; ஒலிநூல் கிடைக்காவிட்டாலும் வீட்டில் ஒருவர் உரக்கப் படித்தாலே போதும். அவருடைய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' ஒரு கொலை வழக்கின் விசாரணையைச் சொல்வதால், கேள்வியும் பதிலுமாகவே கதை நகர்கிறது. இரண்டு பேர் பங்கு பிரித்துப் படித்தால் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பது போலவே தோன்றும். பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வரும் இளைஞன் ஒரு ஜமீன் மாளிகையின் மர்மத்தில் சிக்கும் கதை; பாட்டும் பேச்சுமாக இருப்பதைக் குரலில் கேட்க வேண்டும். கணேஷும் வசந்தும் வரும் 'கொலையுதிர் காலம்' கதையை இரவில் தனியாகக் கேட்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் அண்டை நகரமான கோவையின் ராஜேஷ்குமாரை இப்பகுதியில் படிக்காதவர்கள் குறைவு. தொடர்பில்லாததுபோல் தோன்றும் இரண்டு கதைகளை மாறி மாறிச் சொல்லி இறுதியில் ஒன்று சேர்ப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்த வகை நாவல்களை மட்டும் நான் இன்னும் அச்சில்தான் விரும்புகிறேன், ஏனெனில் அத்தியாயம் மாறியதைக் காது உணர்வதற்குள் கதை ஓடிவிடுகிறது. கோட்டயம் புஷ்பநாத்தையும் மறந்துவிடக் கூடாது. வரலாற்று ஆசிரியராக இருந்து மலையாளத்தில் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்த அவர் 2018-இல் மறைந்தார். அவர் படைத்த 'மார்க்ஸின்' என்னும் துப்பறிவாளர் தமிழ் மொழிபெயர்ப்பிலும் ஏராளமான வாசகர்களைப் பெற்றவர். எங்கள் ஊரில் கணவர் மலையாளத்திலும் மனைவி தமிழிலும் அவரைப் படித்த வீடுகளை எனக்குத் தெரியும்.

பரிந்துரை எழுதும் வாசகர்கள் ஒலிநூல் என்றால் சில விவரங்களையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும். முழு நூலா, சுருக்கமா என்பதை அவசியம் தெரிவிக்க வேண்டும். சுருக்கப்பட்ட மர்மக் கதையில் முதலில் வெட்டப்படுவது துப்புகள்தாம். பிறகு குற்றவாளி யார் என்று தெரியவரும்போது அது வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கிறது. படிப்பவர் ஒருவரா பலரா, பின்னணி இசை குரலை அமுக்குகிறதா, ழகர ளகரம் தெளிவாக ஒலிக்கிறதா என்பனவும் முக்கியம். என்னைக் கேட்டால், நிதானமாகப் படிக்கும் ஒற்றைக் குரல் பெரும்பாலான கதைகளுக்குப் போதும். பதிவிறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்பதையும் எழுதலாம், ஏனெனில் தோட்டங்களுக்கிடையே செல்லும் பேருந்தில் இணையத் தொடர்பு பாதியிலேயே அறுந்துவிடுகிறது. வாழும் எழுத்தாளர்களின் நாவல்களை அனுமதியின்றி யாரோ படித்துப் பதிவேற்றியிருக்கும் பதிவுகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கதையின் முடிவை இரவெல்லாம் யோசித்து எழுதியவருக்கு அதன் பயன் சேர வேண்டும்.

உரிமைச் சிக்கல் இல்லாத செல்வமும் நம்மிடம் நிறையவே இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் அவருடைய நூல் எல்லோருக்கும் பொதுவாகிறது. தமிழில் துப்பறியும் நாவலுக்கு வழி வகுத்த ஆரணி குப்புசாமி முதலியார் 1925-இலும், 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' ஆகியவற்றை எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942-இலும் மறைந்தவர்கள். அவர்களுடைய நாவல்களை யார் வேண்டுமானாலும் படித்துப் பதிவு செய்யலாம். பார்வையற்றோருக்காகப் பதிவு செய்வதற்கோ இந்த 60 ஆண்டுக் காத்திருப்பும் தேவையில்லை. 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதற்கு இடம் அளித்திருக்கிறது. அதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான்.

எங்கள் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. ஊர்தோறும் வாயனசாலைகள், அதாவது படிப்பகங்கள், இருக்கின்றன. பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கி வளர்த்த நூலக இயக்கத்தின் பயனை நாங்கள் இன்றும் அனுபவிக்கிறோம். அவர் மறைந்த ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வாயனசாலைகளில் தமிழ் அலமாரி ஒன்று இருந்தால், அதில் வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த பழைய தொடர்கதைகளே பெரும்பாலும் இருக்கும். நான் உறுப்பினராக உள்ள இடத்தில், கொலைகாரன் பிடிபடும் கடைசி இதழ் இல்லாத பைண்டு புத்தகங்கள் மூன்று இருக்கின்றன. புதிய மர்ம நாவல்களைத் தமிழில் வாங்கித் தருமாறு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன்; தமிழில் கேட்பவர்கள் குறைவு என்று பதில் வந்தது. கேட்பவர்கள் குறைவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள்தாம் குறைந்து வருகிறார்கள்.

அடுத்த வாசிப்பு நாளுக்குள் தமிழ் மாணவர்கள் வடுவூராரின் நாவல் ஒன்றையாவது முழுமையாகப் படித்துப் பதிவு செய்து வாயனசாலைகளுக்கு அளித்தால் நன்றாக இருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலர் உச்சரிப்பைச் சரிபார்த்துத் தர ஆயத்தமாக இருக்கிறோம். தங்கள் நாளிதழும் பரிந்துரைப் பகுதியில் வாரம் ஒரு ஒலிநூலுக்கு இடம் ஒதுக்கி, குற்றவாளியின் பெயரை வெளியிடும் கடிதங்களை மட்டும் தயவுசெய்து திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பேத்தி அடுத்து எதைக் கேட்பது என்று காத்திருக்கிறாள். தங்கள் வாசகர்களின் பதிலை அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.