அந்தப் பெண் நிலை மாறினாள்

அன்புள்ள வசந்தி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி பரவாயில்லை. பெரியவன் வேலை மாறிவிட்டான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். நேற்றிலிருந்து ஒரு விஷயம் மனசைப் போட்டுப் பிசைகிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நேற்று மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார அளவில் அறநெறி விவாதப் போட்டி நடந்தது. மூன்று நடுவர்களில் நான் ஒருத்தி. நம் காலத்துப் போட்டி மாதிரி நினைக்காதே. சீட்டுக் குலுக்கி ஆதரவு, எதிர்ப்பு என்று பிரித்ததும் நீ மேஜையைத் தட்டியே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவாயே, அது இங்கே செல்லாது! ராபர்ட் லேடன்சன் என்ற தத்துவப் பேராசிரியர் 1993-இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்காக ஆரம்பித்த முறை இது. பக்கம் ஒதுக்கித் தரமாட்டார்கள். எது சரி என்று படுகிறதோ அதைச் சொல்லலாம், இரண்டு அணியும் ஒரே முடிவுக்கு வந்தாலும் தப்பில்லை. ஒரு அணி பேசி முடித்ததும் மற்ற அணி கேள்வி கேட்கும். அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

கடைசிச் சுற்றில் வந்த சிக்கல் இது: ஒரு பாட்டிக்குத் தீராத நோய், குடும்பம் அதை அவரிடம் மறைக்கச் சொல்கிறது, மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? முதல் அணிப் பெண் தெளிவாகப் பேசினாள். உடம்பு அவருடையது, மிச்சமிருக்கும் நாளும் அவருடையது, சொல்லியே ஆக வேண்டும் என்றாள். எதிரில் இருந்த பையன் மெதுவாகக் கேட்டான்: “எனக்கு எதுவும் சொல்லாதீர்கள் என்று பாட்டியே சொல்லியிருந்தால்?”

அவள் அணியில் ஐந்து பேரும் தலையை ஒன்றாகச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். அவள் முன்னால் இருந்த வெள்ளைத்தாளில் எதையோ அடித்துவிட்டு நிமிர்ந்தாள். “நாங்கள் அதை யோசிக்கவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமை அவருடையது என்றால், வேண்டாம் என்று சொல்வதும் அவர் உரிமைதான். ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும், குடும்பம் சொல்லக் கூடாது. முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறோம்.” குரல் கொஞ்சம் நடுங்கியது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, வசந்தி. நான் அந்த அணிக்குத்தான் போட்டேன். மற்ற இருவரும் எதிரணிக்குப் போட்டார்கள். “கடைசிவரை ஒரே நிலையில் நிற்கவில்லையே” என்றார் ஒருவர். எனக்கு வந்த கோபம்! நல்ல கேள்வி ஒன்று வந்தால் கருத்தை மாற்றிக்கொள்ளத்தானே இப்படி ஒரு போட்டியே வைத்தார்கள்? அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தேன், முடிவு முடிவுதான் என்றுவிட்டார்கள். வெளியே வந்தால் அந்தப் பெண் அந்தப் பையனிடம் போய், அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். தோற்ற முகமே இல்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. உன் அம்மா ஞாபகம்தான். வெறும் கட்டிதான் என்று நீயும் நானும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு சொன்னோமே. அண்ணன் சொல்லச் சொன்னார், நாமும் சொன்னோம். உனக்குத் தெரியுமா என்று அம்மாவை நாம் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டுமா என்றும் கேட்கவில்லை. பீரோச் சாவியை உன் கையில் கொடுத்து, எந்தப் புடவை யாருக்கு என்று சொன்னாளே, அது அதற்கு முன்பா, பின்பா? எனக்கு நினைவில்லை. உனக்கு இருந்தால் எழுது. போன் வேண்டாம், என்னால் பேச முடியாது.

அன்புடன்,
கமலா