பக்கவாத வார்டு நர்சுகளுக்கு: நரம்பியல் கண்காணிப்பு

வணக்கம். ஆல்டிபிளேஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து) போட்ட நோயாளிக்கு முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கொருமுறை பி.பி.யும் நரம்பியல் பரிசோதனையும் பார்க்க வேண்டும். பி.பி. 180/105-ஐத் தாண்டக் கூடாது.

படுத்திருப்பவரின் கையை 45 டிகிரி உயர்த்தி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, 10 வரை சத்தமாக எண்ணுங்கள். காலுக்கு 30 டிகிரி, 5 வினாடி. மூன்று எண்ணியதும் விட்டுவிட்டால், ஏழாவது வினாடியில் மெல்ல இறங்கும் கை கண்ணில் படாது. புதிய பலவீனம் பல நேரம் அப்படித்தான் தொடங்குகிறது.

"தூங்குகிறார்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எழுப்புங்கள், எழுப்ப என்ன தேவைப்பட்டது என்பதை எழுதுங்கள்: கூப்பிட்டதும் விழித்தாரா, தோளை உலுக்க வேண்டியிருந்ததா? பெரிய பக்கவாதத்தில் மூளை வீக்கம் பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் உச்சத்துக்கு வரும். கூடிக்கொண்டே போகும் மந்தம்தான் முன்னறிகுறி. கண்மணி விரியும்வரை காத்திருந்தால் நேரம் கைமீறிவிடும்.

பேச்சிழந்தவருக்கு கிளாஸ்கோ (நினைவுநிலையை அளக்கும் அளவுகோல்) மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியே குறியுங்கள்.

புதிய கடும் தலைவலி, வாந்தி, திடீர் பி.பி. உயர்வு, என்.ஐ.எச். மதிப்பெண் (பக்கவாதத்தின் தீவிரத்தை அளப்பது) முன்பைவிட 4 அல்லது அதற்கு மேல் கூடுதல்: இதில் எது வந்தாலும், ஆல்டிபிளேஸ் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், சி.டி.க்குத் தயார் செய்யுங்கள். சர்க்கரையும் பாருங்கள், தாழ்சர்க்கரை அப்படியே பக்கவாதம் போலக் காட்டும்.

ஷிப்ட் மாறும்போது இருவரும் படுக்கையருகே சேர்ந்தே ஒருமுறை பரிசோதியுங்கள்.