இனிப்புச் சோளத்தின் சாறு காத்திருக்காது

ஆசிரியருக்கு, வணக்கம்.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பதற்காக மக்காச்சோளமும் இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் ஆலைகளுக்குத் திருப்பிவிடப்படும் இவ்வேளையில், 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் இடம்பெற்றும் ஏட்டளவில் நின்றுவிட்ட இனிப்புச் சோளத்தைப் பற்றி (இது மக்காச்சோள வகையன்று; தட்டையில் கரும்பைப் போல இனிப்புச் சாறு கொண்ட சோளம்), கரும்பு ஆலையொன்றின் எரிசாராயப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

சர்க்கரையை எத்தனாலாக மாற்றும் ஈஸ்டுக்கு இந்தச் சோளத்தட்டையின் சாறு உவப்பானது. கரும்புச் சாற்றைவிட இதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கூடுதல் என்பதால் சர்க்கரை எளிதில் படிகமாகாது. சர்க்கரை ஆலைக்குக் குறையாகப்படும் இதுவே நொதித்தலுக்கு வசதி. ஒரு கிலோ குளுக்கோஸிலிருந்து கணக்குப்படி ஏறத்தாழ 510 கிராம் எத்தனால் கிடைக்க வேண்டும். மீதி கரியமில வாயுவாக நுரைத்துப் போய்விடும். கோடையில் நொதித்தல் தொட்டியின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டாமல் காப்பதுதான் பெரும்பாடு.

சிக்கல் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. சோதனைக்காக வந்த ஒரு லாரிச் சோளத்தட்டை, எடைமேடையில் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் இரவு முழுதும் நின்றது. காலையில் பிழிந்தபோது, பொங்கி வழிந்த இட்லி மாவின் புளிப்பு வாடை! நாங்கள் ஈஸ்ட் இடுவதற்கு முன்பே பாக்டீரியா சர்க்கரையைத் தின்னத் தொடங்கியிருந்தது. எத்தனால் குறைந்தது, பழி பயிரின் மீது விழுந்தது.

அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்து இப்ராகிம்பாத் கிராமத்தில் இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கொரு வழியைச் செய்து பார்த்தது. தட்டையை ஊரிலேயே பிழிந்து, சாற்றைப் பாகாகக் காய்ச்சி ஆலைக்கு அனுப்பும் முறை அது. கெட்டியாகக் காய்ச்சிய பாகு சாற்றைப் போல ஒரே நாளில் கெட்டுவிடாது. வெல்லம் காய்ச்சிப் பழகிய நம் விவசாயிகளுக்கு இது புதிய வித்தையும் அன்று. ஆனால் அடுப்புக்குச் சக்கையை எரித்தால் மாட்டுத் தீவனம் குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மானாவாரி நிலத்தில் சோளம் விதைப்பவர் பாதி மாட்டுக்காகத்தான் விதைக்கிறார். அந்த இழப்பும் பாகின் விலையில் சேர வேண்டும்.

கரும்புச் சாறு, மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகு), மக்காச்சோளம் என மூலப்பொருளுக்கேற்ப எத்தனாலுக்குத் தனித்தனி விலை வகுக்கும் மத்திய அரசு, ஊரில் காய்ச்சிய சோளப் பாகுக்கும் கொள்முதல் விலையை விதைப்புப் பருவத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பாகை இறக்கி வைக்க ஆலைகளில் தனித் தொட்டியும் தேவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை வேதியியலாளர்,
பெரம்பலூர் மாவட்டம்.