பேனர் கட்டுனீங்க சரி, அடுத்த மாசச் செலவுக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கெம்பஸுக்கு எடுபடுற கட்-ஓஃப் புள்ளி வந்தா போதும், உங்க பேப்பர்ல தேயிலைத் தோட்டத்து புள்ளைங்க போட்டோ வரிசையா வரும், "தோட்டத்தின் முதலாவது பல்கலைக்கழக மாணவி"ன்னு. வரட்டும், நல்லதுதான். என் போட்டோவும் அப்பிடி வந்திச்சு, அப்பா அத வெட்டி சாமிப்படத்துக்கு பக்கத்துல ஒட்டி வச்சிருக்காரு. கோயில் கமிட்டியில பேனர் அடிச்சு தோட்டத்துக்கு திரும்புற முடக்குல கட்டுனாங்க, பேனருக்கும் மாலைக்கும் 8,000 போச்சுன்னு பொருளாளர் மாமா பிறகு சொன்னாரு. நான் கெம்பஸ் போற அன்னைக்கு என் கையில இருந்தது 7,500.

அரசாங்க உதவிப்பணம் வரும்தான், ஆனா போன அன்னைக்கே வந்துறாது, எனக்கு மாசக்கணக்காச்சு. அது வரைக்கும் போட்டோகொப்பி, பஸ் காசு, போனுக்கு டேட்டா, சாப்பாடு எல்லாத்துக்கும் வீட்டத்தான் கேக்கணும். அம்மா கொழுந்து எடுக்குறாங்க. 2024ல அடிப்படை நாள் சம்பளம் 1,350 ஆச்சுன்னு எல்லாரும் பெருசா பேசுனாங்க, மழை மாசத்துல எத்தன நாளுக்கு பேரு, அதாவது நாள் சம்பளம், விழும்னு காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்கு போறவங்களுக்குத்தான் தெரியும். ராத்திரி அம்மா கோல் எடுத்து சாப்டியா புள்ளன்னு கேப்பாங்க, சாப்டேன்மான்னு சொல்லிட்டு பிஸ்கட்ட தேத்தண்ணியில தொட்டுக்கிட்டு இருப்பேன்.

அடுத்தது இங்லீஷ். நான் ஏ.எல். பரீட்சைக்கு கொமர்ஸ் தமிழ்ல செஞ்சவ, பொருளியல்ல ஏ எடுத்தவ. மொத லெக்சர்லயே சேர் எலாஸ்டிசிட்டி எலாஸ்டிசிட்டின்னு ஒரு மணித்தியாலம் பேசுறாரு, நான் அத தமிழ் எழுத்துலயே கொப்பியில எழுதி வச்சிட்டு ரூமுக்கு வந்து அழுதேன், நமக்கு இது சரிவராது, வீட்டுக்கே போயிருவோம்னு பேக் கூட அடுக்கிட்டேன். மூணு கிழமைக்கு பிறகுதான் ஒரு அக்கா சொன்னாங்க, லூசு, அது நம்ம நெகிழ்ச்சி, டிமாண்ட்னா கேள்வி, சப்ளைன்னா நிரம்பல், எல்லாம் நீ படிச்சதுதான்னு. பாடம் பூரா எனக்கு தெரிஞ்சிருக்கு, அதோட பேருதான் தெரியல! அந்த அக்கா ஒரு சீஆர் கொப்பியில தமிழ்ச்சொல்லும் இங்லீஷ்சொல்லுமா எழுதி வச்சிருந்ததை குடுத்தாங்க, செமஸ்டர் பாஸ் பண்ணுனது அந்த கொப்பியாலதான்.

தோட்டத்து புள்ளைங்க கோட்டாவுல வந்தவங்கன்னு ஒரு பேச்சும் கேட்டேன். கொமர்ஸ் மாதிரி பாடங்களுக்கு 40 வீதம்தான் நாடு பூராவும் புள்ளி வரிசைப்படி எடுக்குற மெரிட், 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 பின்தங்குன மாவட்டங்களுக்கு, அதுல நுவரெலியாவும் பதுளையும் இருக்கு. அப்ப பாதிக்கு மேல கோட்டாதானே, கொழும்புல இருந்து வந்த புள்ளைகள்ல எத்தனையோ பேரு மாவட்ட கோட்டாவுலதான் வந்திருக்காங்க. இது அன்னைக்கு தெரியாம தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னேன். ஊரு எதுன்னு கேட்டா ஹட்டன் டவுன்னு பொய் வேற சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், ரெண்டு மாசம். பிறகு அம்மா அரிசியும் மாசிக்கருவாடும் ஒரு உர பேக்குல கட்டி ஆள்கிட்ட குடுத்தனுப்புனாங்க, பேக்குல தோட்டத்து பேரு பெயின்ட்ல கொட்ட கொட்டையா எழுதியிருந்திச்சு, ஹொஸ்டல் பூரா வாசிச்சிருச்சு. ரூம்ல இருக்குற யாழ்ப்பாணத்து புள்ள மாசிச் சம்பல் எப்பிடி செய்யுறதுன்னு கேட்டதோட அந்த கத முடிஞ்சு போச்சு.

ராகிங் பத்தி நெறைய எழுத விருப்பமில்ல. 1998ல இருந்து அத தடுக்குற 20ஆம் இலக்க சட்டம் இருக்கு, அதுல ஜெயிலும் உண்டு, அப்பிடி ஒன்னு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு போற தோட்டத்து புள்ளைங்க எத்தன பேரு?

நான் கேக்குறது இதுதான் ஐயா. போட்டோ போடுற அதே பக்கத்துல, ஏற்கனவே போன எங்கள மாதிரி ஆளுங்க எழுத ஒரு மூலை குடுங்க, என்ன படிவம், யார்கிட்ட கையெழுத்து, எந்த பாடத்துக்கு எந்த சொல்லுன்னு எழுதித் தாறோம். கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை, பேனர் காச அந்த புள்ளையோட பேங்க் புக்குல போடுங்க, மொத மாசச் செலவுக்காவது ஆகும்.

இந்த தடவ எங்க தோட்டத்துல இருந்து ஒரு தம்பி போறான். பேனர் வேணாம்னு கமிட்டியில சொன்னேன், பாதிப்பேரு கோவமா இருக்காங்க, படிச்சதும் வாய் நீண்டிருச்சாம். பொருளாளர் மாமா மட்டும் கொஞ்சம் எறங்கி வந்திருக்காரு, சின்ன பேனரா அடிப்போம்ங்கிறாரு.

இப்படிக்கு,
ரெண்டாம் வருஷ மாணவி,
ஹட்டன் (டவுன் இல்ல, தோட்டம்)