நடைக்கருவியும் 10,000 அடியும்

ஆசிரியருக்கு,

நாம் எடுத்துவைக்கும் அடிகளை எண்ணும், கையில் கட்டும் நடைக்கருவி வாங்கிவிட்டால் சுறுசுறுப்பு தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வைப் பாருங்கள்: பணப் பரிசு கிடைத்த ஆறு மாதமும் நடை கூடியது, பரிசு நின்றதும் அந்த முன்னேற்றம் மறைந்தது. ஓராண்டு முடிவில் கருவியைத் தொடர்ந்து அணிந்தவர்கள் பத்தில் ஒருவரே.

அதற்காகக் கருவி வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் இலக்கே வைக்காமல் வழக்கம்போல நடந்து, தினசரி சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 4,000 அடி என்றால் அடுத்த இரண்டு வாரத்துக்கு 5,000 போதும். பழகியபின் இன்னொரு 1,000 கூட்டலாம். எடுத்த எடுப்பில் 10,000 வைத்தால் மூன்றாம் நாளே சலிப்பு தட்டும். அந்த எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது; மருத்துவர்கள் ஆய்ந்து வகுத்த அளவு அல்ல.

மணிக்கட்டுக் கருவி கைவீச்சை வைத்தே அடிகளை எண்ணுகிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் எண்ணிக்கை குறையும். அப்போது கருவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது காட்டும் கலோரிக் கணக்கு வெறும் மதிப்பீடு. அதை நம்பிக் கூடுதலாகச் சாப்பிடாதீர்கள்.

பரிசுத் திட்டம் நடத்தும் நிறுவனங்கள் பரிசை ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கட்டும். மதிய உணவுக்குப் பின் நடக்க 15 நிமிடமும் ஒதுக்கட்டும்.

வாசகர், சிங்கப்பூர்