அந்த ஷீட்டைத் திறந்து பார்

அன்புள்ள மூர்த்தி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சேகர் உன் கால்குலேட்டரை இன்னும் தரவில்லை.

எஃகு இணைப்புகளின் பலத்தைக் கணக்கிட நான் உனக்கு அனுப்பிய கனெக்‌ஷன் ஷீட்டில் தப்பு இருக்கிறது. இணைப்பு வெல்டு என்று போட்டால், பிளேட்டிலிருந்து ஒரு துண்டு அப்படியே கிழிந்து வருமா என்று பார்க்கும் பிளாக் ஷியர் வரியைத் தாண்டிப் போய்விடும். போல்ட் ஓட்டையே இல்லை, பிளேட் எங்கே கிழியும் என்று அன்று உன்னிடம் அடித்துப் பேசினேனே!

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண், "வெல்டை ஒட்டியே கிழிந்தால், சார்?" என்று கேட்டாள். டிராயிங்கில், ஃப்ளாட் என்ற இழுவைப் பட்டைகளைப் பிடிக்கும் குசெட் பிளேட்டின் மேல், வெல்டு போகிற வழியே பென்சிலால் ஒரு 'ப' போட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. 'ப'வின் அடிக்கோடு இழுவையில் அறும், இரண்டு கால்களும் வெட்டுவிசையான ஷியரில் நெகிழ்ந்து யீல்டாகும், உள்ளே இருக்கும் துண்டு ஃப்ளாட்டோடு வெளியே வந்துவிடும். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 800:2007, பிரிவு 6.4.2 இதைத்தான் பார்க்கச் சொல்கிறது. எத்தனை முறை புரட்டிய பக்கம் அது!

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 8 மி.மீ. குசெட், இரண்டு முகத்திலும் 75×12 ஃப்ளாட், 6 மி.மீ. ஃபில்லட் வெல்டு, பக்கத்துக்கு 100 நீளம், முனையில் 75. எல்லாம் 250 கிரேடு எஃகு. வர வேண்டிய விசை 395 கிலோநியூட்டன். ஷாப் வெல்டு 437 தாங்கும், ஃப்ளாட்டுகள் 409. ஷீட் பச்சை காட்டிவிட்டது. 'ப'வுக்குக் கணக்குப் போட்டால், கால்கள் 210, அடி 177, மொத்தம் 387தான். விசை பிளேட்டுக்குள் விரிந்து பரவும் அகலமான விட்மோர் அகலத்தையும் எடுத்தேன். 30 டிகிரி விரித்தால் 190 மி.மீ. சொச்சம், யீல்டுக்கு 346. அதுவும் ஷீட்டில் கிடையாது.

ஏமாற்றுவது இந்த இடம்தான். இரண்டு முகத்திலும் வெல்டு வைத்தால் வெல்டின் பலம் இரட்டிக்கிறது. நடுவில் இருக்கும் பிளேட் என்னவோ அதே ஒன்றுதான். வெல்டை நம்பி நீளத்தைக் குறைக்கக் குறைக்க, 'ப'வின் கால்களும் கூடவே குறைகின்றன.

குசெட்டை 10 ஆக்கினேன். 'ப' 484, விட்மோர் 433. பிளேட் வெட்டுவதற்கு முன்னால் டிராயிங்கைத் திருப்பி வாங்கிவிட்டோம். மூன்று நாள் தூக்கமில்லை.

உன் பழைய வேலைகளில் குசெட்டின் இரண்டு முகத்திலும் வெல்டு வைத்தவற்றை முதலில் எடு. இன்னும் எழும்பாதவை இருந்தால் இன்றே நிறுத்து. எழும்பியவற்றின் அளவுகளை எனக்கு அனுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். ஞாயிறு முழுக்க உனக்காக வைத்திருக்கிறேன்.

உன்,
ரவி