இரண்டரை விநாடியும் உங்க வீட்டு ரேழியும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மார்ச் மாதம் லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் மூச்சு விடுவதே பெரிய விஷயம், அதனால் கோபித்துக்கொள்ளாதே. "இன்னும் ராக்கெட் கதை எழுதறியா, விட்டுட்டியா?" என்று கேட்டிருந்தாய். விடவில்லை. காலையில் நாலரைக்கு எழுந்து பால்காரர் வரும்வரை எழுதுகிறேன், நல்ல நாளில் ஒரு பக்கம் தேறும், மற்ற நாளில் நேற்று எழுதியதை அடித்துவிட்டு டீ போட்டுக் குடிப்பேன்.

அறிவியல் புனைகதை என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும், "ஓ, சுஜாதா மாதிரியா?" என்பார்கள். அவர் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், ஓட்டு மெஷின் உருவானதில் பங்கு உள்ளவர், ஆபீஸுக்குள்ளேயே அவருக்கு விஞ்ஞானம் இருந்தது. என் மேஜையில் இருப்பது டோல் ரசீதும் டீசல் பில்லும்.

ஆனால் பார், நாமக்கல்லில் உட்கார்ந்து நிலவைப் பற்றி எழுதுவது அப்படியொன்றும் சம்பந்தமில்லாத வேலை இல்லை. பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர் இருக்கிறது. அங்கே கிடைக்கிற அனார்த்தோசைட் பாறையும் நிலவின் மேட்டு நிலத்துப் பாறையும் ஒரே இனம். சந்திரயானை இறக்கிப் பழகுவதற்கு இஸ்ரோ எங்க ஊர் மண்ணைத்தான் கொண்டுபோய்ப் பரப்பியது. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான் 3 இறங்கினபோது ஆபீஸில் முட்டை லோடுக்குக் காத்திருந்த டிரைவர்களோடு ஒரே செல்போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். எல்லாரும் கை தட்டி முடித்ததும் ஒரு டிரைவர் அண்ணன் கேட்டார், "ஏனுங்க, அங்க லாரி ஓட்டுனா எப்படி இருக்கும்?"

அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. எடை ஆறில் ஒரு பங்கு, அதனால் மூட்டையை அலட்டாமல் தூக்கிவிடலாம். ஆனால் வண்டியின் நிறை அப்படியேதான் இருக்கும், தரையை அழுத்திப் பிடிக்கிற பலம் மட்டும் குறைந்துபோகும். இங்கே 30 மீட்டரில் நிற்கிற வண்டி அங்கே அதே வேகத்தில் 180 மீட்டர் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கும். மறுநாள் அவரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப கொல்லிமலை எறக்கத்துல பிரேக் போன வண்டி மாதிரிதான்" என்றார். நான் மூன்று பக்கம் எழுதி விளக்கியிருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த வரியை வைத்துக்கொண்டேன்.

எல்லாம் இப்படி அமைவதில்லை. போன வருஷம் ஒரு பத்திரிகையில் வந்த கதையைப் பற்றி உன்னிடம் சொல்லவில்லை, வெட்கம்தான் காரணம். பதினோரு மாதம் வைத்திருந்து, தலைப்பை மாற்றி, கதையில் எங்கேயுமே இல்லாத ஒரு ரோபோவைப் படமாக வரைந்து போட்டார்கள். ஐந்நூறு ரூபாயும் இரண்டு பிரதியும் வந்தன. அது கூடப் பரவாயில்லை. செவ்வாயில் இருக்கிற மகனும் ஊரில் இருக்கிற அம்மாவும் போனில் சண்டை போடுகிற மாதிரி எழுதியிருந்தேன். ஒரு கல்லூரிப் பையன் மெனக்கெட்டுக் கடிதம் போட்டிருந்தான்: சார், செவ்வாய்க்குப் பேச்சு போய்ச் சேரவே குறைந்தது 3 நிமிஷம், தள்ளி இருக்கும்போது 22 நிமிஷம் ஆகும், இவர்கள் எப்படி வார்த்தைக்கு வார்த்தை சண்டை போடுகிறார்கள் என்று. எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். எழுதுகிற வேகத்தில் அம்மாவின் கோபம்தான் கண்ணில் நின்றது, தூரம் மறந்துபோனது.

இப்போது மகனை நிலவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்கே பேச்சு போய் வர இரண்டரை விநாடிதான். அம்மா கேள்வி கேட்கிறாள், அவன் உடனே பதில் சொன்னாலும் இவள் காதுக்கு இரண்டரை விநாடி கழித்துத்தான் வருகிறது. நீயே யோசி, "சாப்பிட்டியா" என்று கேட்டு எதிர்ப்பக்கம் அவ்வளவு நேரம் சத்தமே இல்லை என்றால் நம்ம அம்மாக்கள் என்னென்ன நினைப்பார்கள்! முழுக் கதையும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. பையனுக்கு நன்றிக் கடிதம் போட்டேன், அவன் இன்னும் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் வார்த்தைத் தொல்லை. ஏர்லாக் தெரியுமில்லையா, வெளியே இருந்து வருகிறவன் நின்று, வெளிக்கதவை அடைத்து, காற்று நிரம்பின பிறகு உள்கதவைத் திறக்கிற அறை. "காற்றுப்பூட்டு" என்று எழுதிப் பார்த்தேன், சைக்கிள் கடை ஞாபகம் வந்தது. ஒரு மாதம் முட்டி மோதின பிறகு, செமஸ்டர் லீவில் உங்க வீட்டுக்கு வந்தபோது செருப்போடு உள்ளே நுழைந்து உங்க பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. ரேழி! வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே இருக்கிற அந்த நடை. தெருப் புழுதி ரேழியைத் தாண்டக் கூடாது என்பார்களே. நிலவிலும் அதே சட்டம்தான் மாப்ளே. காற்றும் தண்ணீரும் தேய்க்காததால் அந்தத் தூசி கண்ணாடித் தூள் மாதிரி கூராக இருக்கும். 1972-இல் அப்பல்லோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அதை முகர்ந்து மூக்கே அடைத்துக்கொண்டது. வெடிமருந்து வாசம் அடித்ததாம், தீபாவளிக்கு மறுநாள் தெரு மாதிரி என்று வைத்துக்கொள். என் கதையில் எல்லாரும் "ரேழியில் நில்லு, உதறிட்டு வா" என்றுதான் பேசுகிறார்கள். வீட்டுக்காரி படித்துவிட்டு, முதல் தடவையாக, இது புரிகிறது என்றாள்.

கும்பகோணம் வீட்டை வைகாசிக்குள் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். ரேழியில் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே எத்தனை அடி, இரண்டு பேர் ஒதுங்கி நிற்க இடம் இருக்குமா, வெளிக்கதவைச் சாத்தினால் உள்ளே எவ்வளவு வெளிச்சம் வரும், இதையெல்லாம் அளந்து பார்த்து எழுது. மாடத்தில் அந்த விளக்கு இன்னும் இருக்கிறதா என்றும் பார்.

உன்
பழைய ரூம்மேட்